சட்டையா, ஆளா?

டீச்சர் பெஞ்சு மேல் ஏறி நிற்கிறார், பிள்ளைகள் கீழே நின்று வாய்ச்சண்டை போடுகிறார்கள். எந்தப் பள்ளிக்கூடத்தில் இப்படி நடக்கும் என்று கேட்கிறீர்களா? நடந்தது. தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்த கணக்கு வாத்தியார் ஜன்னல் வழியே அதைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி நழுவத்தான் நினைத்தார். நேரம் சரியில்லாவிட்டால் நிழலும் எதிரி. அவர் நிழலை ஒட்டியே தலைமை ஆசிரியையும் வந்துகொண்டிருந்தார்.

“கணக்கு சார், அங்க பெஞ்சு மேல நிக்கறது உங்க மச்சினிதானே?”

மறுக்க முடியுமா? மனைவியின் தங்கை. வீட்டில் சின்னவள் என்று கூப்பிடுவார்கள். பெயிண்ட் கம்பெனியில் கைநிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவள், “நாள் முழுக்க வாளியையும் டப்பாவையும் பார்த்துட்டு இருக்க என்னால ஆகாது, எனக்குப் பேசற ஆளுங்க வேணும்” என்று வேலையை உதறிவிட்டு வந்தாள். அவளை இந்தப் பள்ளிக்கு அழைத்துவந்து, “நான் பொறுப்பு மேடம்” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவர் கணக்கு வாத்தியார்தான். முதல் வருஷம் தற்காலிகம். வருஷக் கடைசியில் ஒன்று நிரந்தரம், இல்லையென்றால் நன்றி வணக்கம். வருஷக் கடைசி வந்துவிட்டிருந்தது.

அன்று மாலை வீட்டில் விசாரணை நடந்தது. மூன்றாம் மாடியில் இரண்டே அறை, ஒருவர் நின்றால் இன்னொருவர் திரும்ப முடியாத சமையலறை. அந்தச் சமையலறை வாசலில் சாய்ந்து நின்றுகொண்டு கணக்கு வாத்தியார் கேட்டார்.

“எதுக்கு பெஞ்சு மேல ஏறின?”

“தண்டனை மாமா.”

“யாருக்கு யார் குடுத்த தண்டனை?”

“எனக்குப் பசங்க குடுத்தது. பெல் அடிக்கறதுக்கு முன்னாடி விடையைச் சொல்லிட்டேன். சொன்னா ஏறி நிக்கணும்னு வகுப்புல சட்டம். சட்டம் போட்டதே நான்தான், அப்புறம் ஏறாம இருக்க முடியுமா?”

கேட்டுக்கொண்டிருந்த அவள் அக்கா சிரித்துவிட்டாள். கணக்கு வாத்தியாருக்குச் சிரிப்பு வரவில்லை. முழு விவரத்தையும் கேட்டு வாங்கினார். ஆறாம் வகுப்பில் பாடம், பொருட்களில் நடக்கும் மாற்றங்கள். இயற்பியல் மாற்றம், வேதியியல் மாற்றம் என்று நடுவில் கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதிக்கொடுத்து, பிள்ளைகள் மனப்பாடம் செய்து, பரீட்சையில் கக்கிவிட்டுப் போவதுதான் காலங்காலமாக நடப்பது. இவளும் கோடு போட்டாள். நோட்டில் போடவில்லை, வகுப்பின் தரையில் சாக்பீஸால் போட்டாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் ‘சட்டை’, அந்தப் பக்கம் ‘ஆள்’.

“ஒருத்தன் சிவப்புச் சட்டை போட்டுட்டு உள்ள போறான், நீலச் சட்டை போட்டுட்டு வெளிய வர்றான். ஆள் மாறினானா? இல்லையே. ஐஸ் உருகித் தண்ணியாகறது அப்படித்தான். சட்டைதான் மாறுச்சு. காகிதத்தைக் கொளுத்தினா? உள்ள போன ஆள் வேற, வெளிய வர்ற ஆள் வேற. நான் ஒண்ணைச் செஞ்சு காட்டுவேன். அவங்கவங்க நினைக்கற பக்கம் போய் நிக்கணும். எதிர்ப் பக்கத்தை வாதாடி இழுக்கணும். மனசு மாறினா கோட்டைத் தாண்டலாம், தாண்டினவங்களை யாரும் கேலி பண்ணக்கூடாது. பெல் அடிக்கற வரைக்கும் நான் சரி, தப்புன்னு வாயைத் திறக்கக்கூடாது. அவ்வளவுதான் மாமா.”

“ரெண்டு வரியில சொல்லி முடிக்கற விஷயம். அதுக்கு இவ்வளவு கூத்தா?”

“ரெண்டு வரியில சொன்னா ரெண்டு நாள் இருக்கும்,” என்றாள் சின்னவள்.

கெட்டிக்காரப் பேச்சுதான். ஆனால் பேச்சு வேலையைக் காப்பாற்றுமா? தலைமை ஆசிரியை கண்டிப்பாகச் சொல்லிவிட்டிருந்தார். கல்வி அதிகாரி அடுத்த வாரம் வருகிறார், அவளுடைய வகுப்பில் ஒரு பாடவேளை முழுக்க உட்காருவார். அவர் ‘சரி’ என்றால் நிரந்தரம். உதட்டைப் பிதுக்கினால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது. கணக்கு வாத்தியாருக்கு அவள் வேலை ஒரு பக்கம், தான் கொடுத்த வாக்கு இன்னொரு பக்கம்.

அடுத்த வாரம் வந்தது. அதிகாரி வருவதற்கு முந்தின நாளே சின்னவள் வீட்டில் ஒத்திகை பார்த்தாள். உப்பைத் தண்ணீரில் கரைத்து, அதில் கொஞ்சத்தை இரும்புக் கரண்டியில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காட்டினாள். படபடவென்று வெடித்துத் தண்ணீர் போனதும் கரண்டியில் வெள்ளையாக உப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. “பாருங்க மாமா, சட்டையைக் கழட்டிட்டு வந்துட்டான்” என்றாள். கணக்கு வாத்தியாருக்கே கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது, சொல்லிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை அவள் குளித்துக்கொண்டிருந்தாள். மேஜை மேல் அவள் பை திறந்தே கிடந்தது. விளக்கு, கரண்டி, கண்ணாடி டம்ளர்கள், ‘உப்பு’ என்று லேபிள் ஒட்டிய பாட்டில். கணக்கு வாத்தியார் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். அடியில் ஒரு சிட்டிகைதான் இருந்தது. ஒத்திகையிலேயே தீர்த்துவிட்டிருக்கிறாள், பைத்தியக்காரி. சரி, நாமாவது ஒரு கை கொடுப்போம் என்று சமையலறைக்குள் நுழைந்தார்.

அந்த வீட்டில் உப்புக்கும் சர்க்கரைக்கும் ஒரே மாதிரி இரண்டு எவர்சில்வர் டப்பாக்கள், கல்யாணத்துக்கு வந்தவை. அவர் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. “நாள் முழுக்க லேபிள் படிச்சுட்டு வர்றேன், வீட்லயும் படிக்கணுமா?” என்று அவள் எதிலும் பெயர் எழுதுவதில்லை. இடது பக்கம் உப்பு, வலது பக்கம் சர்க்கரை, கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான். கணக்கு வாத்தியாருக்கு அது போதும். எண்ணுக்கு இடமதிப்பு என்று பாடம் நடத்துகிறவர் டப்பாவுக்கும் அதையே நம்பினார். இடது டப்பாவைத் திறந்து பாட்டிலை நிரப்பினார். பொடிப்பொடியாக வெள்ளை வெளேரென்று இருந்தது. டப்பா விளிம்பில் ஊர்ந்த ஒரு எறும்பைச் சுண்டிவிட்டார். மூடியைத் திருகிப் பையில் வைத்துவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடு சட்டை மாட்டப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் துடைத்தபோது, ஜன்னல் பக்கம் எறும்பு வருகிறதென்று மனைவி டப்பாக்களை இடம் மாற்றிவைத்ததும், அப்படியும் எறும்பு விடவில்லை என்பதும் அவருக்குத் தெரியாது. தங்கையிடம் சொன்னவள் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? டாக்டர் சர்க்கரையை நிறுத்தச் சொன்னதிலிருந்து அவர் அந்த அலமாரிப் பக்கமே போனதில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிகிற கதைகள் எல்லாம் இப்படி ஒரு நல்ல மனசில்தான் ஆரம்பிக்கின்றன.

கல்வி அதிகாரி நெட்டையான மனிதர். நல்ல ஜலதோஷம், கையில் கைக்குட்டையோடு வந்து வகுப்பின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் தலைமை ஆசிரியை. கணக்கு வாத்தியாருக்கு அந்த வேளை வகுப்பு இல்லை. கடைசி பெஞ்சில் பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்பிய தகப்பன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

தரையில் கோடு போட்டாயிற்று. சின்னவள் ஒரு காகிதத்தைக் கிழித்தாள். பிள்ளைகள் திபுதிபுவென்று சட்டைப் பக்கம் போனார்கள். அதிகாரி கைக்குட்டையை இறக்கிவிட்டுக் கேட்டார்.

“கிழிச்ச காகிதம் திரும்ப ஒட்டாதே. அப்ப ஆள் போயிட்டான்னுதானே அர்த்தம்?”

தையல்காரர் மகன் சொன்னான். “எங்கப்பா தெனம் துணி வெட்டறார் சார். வெட்டின துணி திரும்ப ஒட்டாது. ஆனா அதுவும் துணிதான். திரும்பி வருதா இல்லையாங்கறது கேள்வி இல்ல சார், அதே ஆளாங்கறதுதான் கேள்வி.”

கணக்கு வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். திரும்பி வந்தால் இது, வராவிட்டால் அது என்றுதான் அவர் படித்திருந்தார். இத்தனை வயதுவரை அதில் ஓட்டை இருக்கும் என்று தோன்றியதே இல்லை. ஆறாம் வகுப்புப் பயல் போகிறபோக்கில் அடைத்துவிட்டுப் போகிறான். அடேயப்பா, இதெல்லாம் எப்போது நடந்தது?

“சார், உங்க நாற்காலி கோட்டு மேல இருக்கு,” என்றாள் ரெட்டைச்சடை போட்ட ஒரு பெண். “கோட்டு மேல யாரும் இருக்கக்கூடாது. ஏதாவது ஒரு பக்கம் போகணும்.”

தலைமை ஆசிரியை பல்லைக் கடித்தார். அதிகாரி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சட்டைப் பக்கம் போய் உட்கார்ந்தார்.

காகிதத்தைக் கொளுத்தியபோது எல்லோரும், அதிகாரியும் நாற்காலியும் சேர்த்து, ஆள் பக்கம் வந்தார்கள். அதில் சண்டையே இல்லை. அடுத்து சின்னவள் பாட்டிலைத் திறந்து, இரண்டு கரண்டி எடுத்து டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கினாள். வெள்ளை மறைந்தது.

“ஆள் போயிட்டான்,” என்றாள் ரெட்டைச்சடை.

“போகல, ஒளிஞ்சிருக்கான்,” என்றான் தையல்காரர் மகன். பெரும்பாலோர் அவன் பின்னால் சட்டைப் பக்கம் போனார்கள்.

“ஒளிஞ்சிருந்தா வெளிய கூப்பிடு பார்க்கலாம்.”

சின்னவள் டம்ளரை எடுத்தாள். இரும்புக் கரண்டியில் கொஞ்சம் ஊற்றி விளக்கில் பிடித்தாள். கணக்கு வாத்தியார் படபடப்புச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டினார்.

சத்தம் வரவில்லை. கரண்டியில் இருந்தது கொழகொழவென்று கெட்டியானது. பெரிய பெரிய குமிழாக வந்தது. மஞ்சளானது, பழுப்பானது, பிறகு கன்னங்கரேலென்று கறுத்துப் புகைந்தது. சின்னவளின் முகம் வெளுத்துப்போனது.

புகை கணக்கு வாத்தியார் வரைக்கும் வந்தது. இனிப்பான புகை. சுருக்கென்று அவருக்கு அந்த எறும்பு ஞாபகம் வந்தது. உப்பு டப்பாவில் எறும்புக்கு என்ன வேலை?

“அய்யோ, அது—” என்று பாதி எழுந்தேவிட்டார். சின்னவள் திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. காலையில் பாட்டில் நிரம்பியிருந்ததை அக்கா வேலை என்று நினைத்திருந்தவள், வீட்டில் டப்பாக்கள் இடம் மாறிய கதையும் தெரிந்தவள் அல்லவா. ‘மாமா, வேண்டாம்’ என்று அவள் கண்கள் கெஞ்சின. அவர் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தாரே ஒழிய உடம்பு கொதித்தது. ஒரே ஒரு வார்த்தை, ‘சர்க்கரை’ என்று சொன்னால் போதும். தப்பு அவளுடையது இல்லை என்று ஆகிவிடும், வேலையும் பிழைத்துவிடும். சொல்லக்கூடாது என்கிறாளே, இவளுக்குப் புத்தி இருக்கிறதா?

“பாத்தீங்களா? ஆள் போயிட்டான்னு நான்தான் சொன்னேன்ல,” என்றாள் ரெட்டைச்சடை. சட்டைப் பக்கத்திலிருந்து ஒவ்வொருவராகக் கோட்டைத் தாண்டி அவள் பக்கம் வர ஆரம்பித்தார்கள். அதிகாரி ஏற்கெனவே அங்கேதான் இருந்தார். உப்பு தண்ணீரில் கரைவது வேதியியல் மாற்றம் என்று ஒரு வகுப்பே தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தது, அதுவும் கல்வி அதிகாரி முன்னால்.

தலைமை ஆசிரியையால் பொறுக்க முடியவில்லை. “டீச்சர், சரியான விடையைச் சொல்லிடுங்க. ஐயா காத்துட்டிருக்கார்.”

“இன்னும் பெல் அடிக்கல மேடம்,” என்றாள் சின்னவள். விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலோரம் ஸ்டூலில் போய் உட்கார்ந்து, கைகளை மடியில் கோர்த்துக்கொண்டாள்.

கணக்கு வாத்தியார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை கையைவிட்டு நழுவுவதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு, எட்டிப் பிடிக்கிற தூரத்தில் விடையை வைத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்? தன்னால் முடியுமா என்று கேட்டுப் பார்த்தார். முடியாது. நிச்சயமாக முடியாது.

சட்டைப் பக்கம் தையல்காரர் மகன் மட்டும் ஒற்றை ஆளாக நின்றுகொண்டிருந்தான்.

“எங்க வீட்ல உப்புத் தண்ணி தரையில கொட்டிக் காஞ்சுபோச்சு. வெள்ளையாத்தான் இருந்துச்சு.”

“அது வெயில்ல காஞ்சது. இது நெருப்பு,” என்றாள் ரெட்டைச்சடை.

அப்போதுதான் அதுவரை பேசாமலிருந்த பேக்கரிக்காரர் மகள் கரண்டியின் பக்கம் குனிந்து மூக்கை உறிஞ்சினாள்.

“இது உப்பு வாசனை இல்ல. உப்புக்கு ஏது வாசனை? கேக்குக்குக் கலர் வர எங்கப்பா சர்க்கரையைக் கருக்குவார், அந்த வாசனை.”

“எனக்கு ஒண்ணும் வரலையே,” என்றார் அதிகாரி.

“உங்களுக்கு ஜலதோஷம் சார், உங்க மூக்கை இன்னிக்குச் சேர்த்துக்க முடியாது,” என்றாள் அவள் மரியாதையாக. அதிகாரி தலையாட்டி ஒத்துக்கொண்டார்.

“பாட்டில்ல உப்புன்னு எழுதியிருக்கே,” என்று யாரோ சொன்னார்கள்.

தையல்காரர் மகன் யோசித்தான். “லேபிளும் சட்டைதானே. மாத்திப் போட்டுக்கலாம்.”

வகுப்பு தேன்கூட்டைக் கலைத்த மாதிரி ஆனது. நக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றான் ஒருவன். சோதனைக்கு வைத்த எதையும் வாயில் வைக்கக்கூடாது என்று நாலு பேர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நிஜமான உப்பு வேண்டும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் சூடு பண்ணிப் பார்த்தால்தான் பேச முடியும் என்றாள் ரெட்டைச்சடை. ஒரு பெண் தன் சாப்பாட்டுப் பையைக் கொட்டி, வெள்ளரிக்காய்த் துண்டுக்குத் தொட்டுக்கொள்ள அம்மா மடித்துக் கொடுத்திருந்த உப்புப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். அவர்கள் கேட்க, சின்னவள் எழுந்து வந்து விளக்கை ஏற்றிக் கரண்டி பிடித்தாள். கை மட்டும்தான் அவளுடையது. எதை முதலில் போடுவது, எவ்வளவு நேரம் பிடிப்பது, எல்லாம் அவர்களே சொன்னார்கள்.

பொட்டலத்து உப்பு படபடவென்று வெடித்தது, வெள்ளையாகவே இருந்தது. தண்ணீரில் கரைத்துக் காட்டியபோதும் தண்ணீர் போய் வெள்ளை திரும்பி வந்தது. பாட்டிலில் இருந்ததைத் தண்ணீர் இல்லாமல் சும்மா போட்டார்கள். உருகியது, பழுத்தது, கறுத்தது.

“அப்ப கறுத்ததுக்குத் தண்ணி காரணம் இல்ல,” என்றாள் ரெட்டைச்சடை மெதுவாக. பிடிவாதக்காரியின் முகத்தில் அவள் தோற்றது தெரியவில்லை, ஏதோ கண்டெடுத்த சந்தோஷம்தான் தெரிந்தது. “இதுல ரெண்டு வேலை நடந்திருக்கு. தண்ணியில கரைஞ்சது ஒரு வேலை. நெருப்புல கருகினது இன்னொரு வேலை. கருகினதுல ஆள் போயிட்டான், அது நிச்சயம். கரைஞ்சப்போ போனானா இல்லையான்னு இன்னும் தெரியாது.”

கணக்கு வாத்தியாருக்குக் கண் கலங்கியது. வெட்கப்படாமல் துடைத்துக்கொண்டார். ஒரு கணக்கைப் படி படியாகப் பிரித்துப் போடு என்று அவர் தொண்டை கிழியக் கத்தியும் நடக்காதது இங்கே தானாக நடந்துகொண்டிருந்தது. கூத்து என்று சொன்னோமே, என்ன வாய் இது என்று தன்னையே நொந்துகொண்டார்.

“டம்ளர்ல மிச்சம் இருக்கு. நெருப்பு இல்லாமத் தண்ணியை அனுப்பிட்டா தெரிஞ்சுடும்,” என்றான் தையல்காரர் மகன். டம்ளரில் இருந்ததில் கொஞ்சத்தைத் தட்டில் ஊற்றி ஜன்னலில் வைத்தார்கள். எறும்பு வரும் என்று பேக்கரிக்காரர் மகள் சொல்ல, தண்ணீர் ஊற்றிய பெரிய தட்டுக்குள் அந்தத் தட்டை இறக்கினார்கள்.

“உப்பு பாட்டில்ல சர்க்கரை போட்டது யாரு?” என்று ஒருவன் கேட்டான். அதற்குச் சோதனை எதுவும் யாருக்கும் தோன்றவில்லை.

கணக்கு வாத்தியார் எழுந்தார். “நான்தான். எங்க வீட்டு டப்பாவைப் பார்க்காம, அது இருந்த இடத்தைப் பார்த்து எடுத்துட்டேன். உங்க டீச்சருக்கு இது தெரியாது.” கடைசி வாக்கியத்தை அதிகாரியைப் பார்த்துச் சொன்னார்.

வகுப்பு அவரைப் பார்த்தது. ரெட்டைச்சடை இரக்கத்தோடு சொன்னாள். “சார், இன்னும் பெல் அடிக்கல. நீங்க விடையைச் சொல்லிட்டீங்க.”

“இதுவுமா விடைல சேர்த்தி?”

“விடைதான் சார்.”

கணக்கு வாத்தியார் தலைமை ஆசிரியையைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார். சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வேட்டியோ கால்சட்டையோ எது கட்டியிருந்தாலும் ஒரு வாத்தியாருக்குப் பெஞ்சு மேல் ஏறுவது சிரமம்தான் என்று தெரிந்துகொண்டபடி, சுவரைப் பிடித்து ஏறி நின்றார். பெஞ்சின் ஒரு கால் ஆடியது.

“மாமா, பார்த்து,” என்று சின்னவள் தன்னை மறந்து சொல்லிவிட்டாள். டீச்சருக்கு சார் மாமாவா என்று வகுப்பு கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பின் நடுவே பெல் அடித்தது.

எல்லோரும் சின்னவளைப் பார்த்தார்கள். அவள் எழுந்து கோட்டின் பக்கம் வந்தாள்.

“பெல் அடிச்சாச்சு. கரைஞ்ச சர்க்கரை எந்தப் பக்கம்னு இப்ப நான் சொல்லலாம். சொல்லட்டுமா?”

பிள்ளைகள் ஜன்னலில் இருந்த தட்டைப் பார்த்தார்கள். பிறகு ரெட்டைச்சடை சொன்னாள், “வேணாம் டீச்சர்.” மற்றவர்களும் வேண்டாம் வேண்டாம் என்றார்கள். “தட்டு காயட்டும். நாங்களே பார்த்துக்கறோம்.”

வாசலுக்குப் போன அதிகாரி திரும்பிவந்தார். “டீச்சர், ஒண்ணு கேக்கணும். அது கறுத்தப்போ உங்களுக்கு பயமா இல்லையா?”

“உயிரே போயிருச்சு சார். வேலையும் போச்சுன்னுதான் நெனச்சேன்.”

“அப்புறம் ஏன் பேசாம இருந்தீங்க?”

“பெல் அடிக்கலையே சார்,” என்றாள்.

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. வீட்டில் மனைவி நடந்ததைக் கேட்டு, சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். அன்றைக்கே இரண்டு டப்பாக்களிலும் மருந்துக்கடை லேபிள் ஏறியது, ‘குழந்தைகளுக்கும் கணக்கு வாத்தியாருக்கும் எட்டாத இடத்தில் வைக்கவும்’ என்ற குறிப்போடு. சின்னவள் சிரித்தாள், ஆனால் சரியாகச் சாப்பிடவில்லை. பெயிண்ட் கம்பெனியில் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று ஒரு ராத்திரி மெதுவாகக் கேட்டாள். கணக்கு வாத்தியார் அவள் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“உன்னை மாதிரி ஒருத்தி பாடம் நடத்தி நான் பார்த்ததில்ல. அவங்க வேணாம்னாலும் அது பொய்யாகாது,” என்றார். இத்தனை வருஷத்தில் அவளை அவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அவருக்கே அது தாமதமாகத்தான் தெரிந்தது.

தட்டு ஜன்னலில் காய்ந்துகொண்டிருந்தது. தினமும் காலையில் பிள்ளைகள் வரிசையாக வந்து குனிந்து பார்த்தார்கள். பிசுபிசுவென்று பாகாக நின்றுகொண்டு அது எல்லோரையும் சோதித்தது. ஒரு நாள் காலை விளிம்பில் ஏதோ பளிச்சென்றது. மறுநாள் தட்டு நெடுகக் கல் கல்லாக வெள்ளை. ரெட்டைச்சடை கோட்டைத் தாண்டிச் சட்டைப் பக்கம் போய் நின்றாள். யாரும் கேலி செய்யவில்லை. தையல்காரர் மகன் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டான்.

அந்த நேரம் பார்த்துத்தான் கல்வி அதிகாரி வாசலில் வந்து நின்றார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. பின்னால் தலைமை ஆசிரியை, அவருக்குப் பின்னால் விஷயம் கேள்விப்பட்டுத் தன் வகுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்த கணக்கு வாத்தியார். அதிகாரி நேரே ஜன்னலுக்குப் போய்த் தட்டைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

“ஜலதோஷம் போயிடுச்சு. இன்னிக்கு என் மூக்கைச் சேர்த்துக்கலாம்,” என்றார். பிறகு பேக்கரிக்காரர் மகளிடம் திரும்பி, “கருகின வாசனை இல்ல. அதே ஆள்தான், சரியா?” என்றார்.

“சரிதான் சார்.”

அவர் தட்டைப் பத்திரமாக வைத்துவிட்டு, போய்ச் சட்டைப் பக்கம் ரெட்டைச்சடைக்குப் பக்கத்தில் நின்றார். அங்கிருந்தபடியே சின்னவளைப் பார்த்தார்.

“உங்க வேலை விஷயம் முடிவு பண்ணிட்டேன் டீச்சர். இன்னும் பெல் அடிக்கல. சொல்லட்டுமா, வேணாமா?”

சின்னவள் பிள்ளைகளைப் பார்த்தாள், கணக்கு வாத்தியாரைப் பார்த்தாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

“சொல்லிடுங்க சார். இதுக்கு மட்டும் என்னால காத்திருக்க முடியாது.”

“நிரந்தரம்,” என்றார் அதிகாரி.

வகுப்பு கத்திய கத்தல் பக்கத்துக் கட்டிடம் வரைக்கும் கேட்டிருக்கும். கத்தி ஓய்ந்ததும் பிள்ளைகள் அதிகாரியைப் பார்த்தார்கள். அவரும் புரிந்துகொண்டார். செருப்பைக் கழற்ற ஆரம்பித்தவரைத் தலைமை ஆசிரியை தடுக்கப் போக, கணக்கு வாத்தியார் குறுக்கே வந்து பெஞ்சின் ஆடுகிற காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க ஏறுங்க சார்,” என்றார். “நான் பிடிச்சுக்கறேன்.”